பாதி நிரப்பிய படிவம்

1

உங்களுக்கு ஒரு லிங்க் வருகிறது. அதைத் தொட்டு நீங்கள் உள்ளே போவதற்கு முன்னாலேயே, அனுப்பிய ஆள் அதே வாசலில் நின்றுகொண்டிருக்கலாம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் அதை யோசிப்பதுதான் என் வேலை.

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து எழுதும் அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது. போன வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மாடி வீட்டு அக்கா படியில் இறங்கி வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, இந்த அட்ரஸ் சரியா பாரேன்."

பார்த்தேன். எங்கள் கம்பெனி செய்துகொடுத்த மருத்துவமனை சைட்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பக்கத்தில், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுப் படமும் இருந்தது.

"சரியாத்தான்க்கா இருக்கு."

மூன்று நொடி. அதற்குள் சாம்பார்—

(இந்த வரியை விட்டுவிடுகிறேன். அன்று என்ன சாப்பிட்டேன் என்பது யாருக்கு வேண்டும்.)

2

முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன். கிழித்தவற்றை இங்கேயே போடுகிறேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு லாரி மெதுவாக—"

மழை பெய்யவில்லை. லாரியும் வரவில்லை. பயமுறுத்துவதற்காக நானே ஓட்டி வந்து நிறுத்தினேன்.

"இன்றைய உலகில் இணையப் பாதுகாப்பு என்பது—"

இது பள்ளிக்கூடக் கட்டுரை. இப்படி எழுதித்தான் எட்டாம் வகுப்பில் பாஸானேன்.

"அக்காவின் தையல் மெஷின் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும்."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

என் அறைக்கு நேர் மேலே அவளுடைய வேலை அறை. சீருடைகளுக்கு அளவு குறைப்பாள், கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு அடிப்பாள். அந்த ஓசை என் கூரை வழியாக இறங்கும். நின்றால், நூல் கோக்கிறாள். அல்லது மகள் கூப்பிடுகிறாள். அல்லது வாசலில் யாரோ. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எண்ணுகிறேன். பதினைந்துக்குள் மறுபடி ஓடினால் நூல். முப்பதைத் தாண்டினால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன்.

ஊரை விட்டு இங்கே வந்து நாலு வருஷம். நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு வருகிறவனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்க இங்கே ஒரே ஆள்தான் இருக்கிறாள். இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நான் செய்ததற்கு இது காரணமாக வரும், அதனால் இங்கேயே சொல்லியாக வேண்டும்.

3

அக்காவைப் பற்றித் தேவையானது மட்டும்.

அவள் கணவர் லாரி டிரைவர். தொலைதூர ஓட்டம். கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாராம். உள்ளே மனைவியும் மகளும். "பாதுகாப்புக்குத்தானே" என்பாராம். ஒரு தடவை நாலு நாள் திரும்பி வரவில்லை. அந்த நாலு நாளும் குழந்தைக்குக் காதில் சீழ். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரி மாத்திரை தூக்கிப் போட்டாள். காது போனது அதனால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு அவர் போன அன்று, பூட்டுவதற்கு முன்னால், குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். பதினாலு மாதம் ஆகிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. குருவி என்று கூப்பிடுவோம். இடது காதில் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருக்கிறாள். அது இந்த ஊருக்கு வந்த பிறகு போட்டது. அப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அக்காவின் முகவரி தெரிந்தவர்கள்: வீட்டுக்காரர், குருவியின் பள்ளிக்கூடம், நான். சொந்த அண்ணனுக்குக்கூடப் போன் நம்பர் மட்டும்தான்.

அப்புறம் மருத்துவமனை சைட். அந்த மருத்துவமனைக்குப் பல ஊர்களில் கிளை உண்டு. குருவியின் கணக்கைப் பழைய ஊரிலேயே தொடங்கியிருந்தார்கள். இங்கே வந்ததும் அக்கா பாஸ்வேர்டை மாற்றி, புது முகவரியைப் போட்டாள். போட்டுக் கொடுத்தது நான்.

[இந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நீங்களும் குடிக்கலாம்.]

4

இப்போது தொழில் விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போனால் வாசலில் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா? சைட்டும் அப்படித்தான். நீங்கள் உள்ளே நுழைந்ததுமே, யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே, ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். எங்கள் ஆட்கள் அதைச் செஷன் என்பார்கள். பிறகு நீங்கள் பாஸ்வேர்டு போட்டு "நான்தான் இன்னார்" என்று நிரூபிக்கிறீர்கள். அந்த நொடியில் சைட் என்ன செய்ய வேண்டும்? பழைய டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது தர வேண்டும். ஏனென்றால் பழைய எண்ணை யார் யார் பார்த்தார்களோ, தெரியாது.

கிழிக்காமல் விட்டால்? பழைய டோக்கனிலேயே உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே எண்ணை முன்கூட்டியே கையில் வைத்திருக்கிற இன்னொருவர் இருந்தால், அவரும் இப்போது நீங்கள்தான். அவர் உங்கள் பாஸ்வேர்டைத் திருடவில்லை. நீங்களே உள்ளே போய், அவருக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

இதற்குச் செஷன் ஃபிக்ஸேஷன் என்று பெயர். எண்ணை முதலிலேயே பதித்து வைத்துக் காத்திருப்பது. பழைய கோளாறு; எல்லோருக்கும் தெரியும்; யாரும் செய்ய மாட்டார்கள்.

நாங்கள் செய்தோம். சரியாகச் சொன்னால், நான் செய்ய வைத்தேன்.

5

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா போனைத் தட்டிக்கொண்டே மாடியிலிருந்து கத்தினாள்.

"தம்பி! உங்க ஆளுங்களுக்கு அறிவிருக்கா? முப்பது கேள்வி கேக்குறான். முக்கி முனகி இருபத்தெட்டு அடிச்சுட்டேன். லாகின் பண்ணுன்னான். பண்ணினேன். அத்தனையும் காணோம்! மறுபடி மொதல்லேர்ந்து பேரு என்னங்குறான். பெத்தவளுக்கே பேரு மறந்துரும்போல இருக்கு."

சிரித்தேன். சைட்டைச் சோதித்துக் கோளாறு கண்டுபிடிப்பதுதான் ஆபீஸில் என் வேலை; திங்கட்கிழமை கோளாறுச் சீட்டு எழுதினேன். நாங்கள் எழுதும் சீட்டில் மூன்று தலைப்பு உண்டு.

செய்தது: லாகின் செய்யாமல் படிவத்தைப் பாதி நிரப்பி, பிறகு லாகின் செய்தேன்.
எதிர்பார்த்தது: நிரப்பியது அப்படியே இருக்கும்.
நடந்தது: இல்லை.

'நடந்தது' என்ற தலைப்பின் கீழ் அழுகை, கோபம், காரணம் எதுவும் எழுதக் கூடாது. கண்ணால் கண்டது மட்டும். நான் எழுதக் கற்றுக்கொண்டதே அந்தத் தலைப்பின் கீழ்தான். எனக்கு வேறு வாத்தியார் இல்லை.

லாகின் பகுதியை எழுதுகிறவனை ஆபீஸில் சுருட்டை என்போம், தலைமுடியால். அவன் காரணத்தைக் கண்டுபிடித்தான். லாகின் ஆனதும் எண் மாறுகிறது. பாதிப் படிவம் பழைய எண்ணோடு போய்விடுகிறது. ஒரே ஒரு வரியை நீக்கினான். எண் மாறுவது நின்றது. படிவம் பிழைத்தது. மருத்துவமனைக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். வரவேற்பு மேசையில் பாதி நிரப்பி, மீதியை வீட்டிலிருந்து நிரப்பச் சொல்லி லிங்க் அனுப்பும் வசதியும் வேண்டும் என்றார்கள். அதையும் செய்தான். லிங்க்கின் வாலில் அந்த எண்ணைக் கோத்துவிட்டான். வரவேற்பு மேசை என்றில்லை, படிவத்தைத் தொடங்குகிற யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நான் சோதித்தேன். ஒரு ஸ்கிரீனில். "சரி" என்று குறித்தேன்.

அக்கா எனக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். "ஆபீசுல நம்மாளு ஒருத்தன் இருந்தா எவ்வளவு ஒத்தாச பாரு" என்றாள். அதில்தான் தலை வைக்கிறேன். (படுக்கிறேன் என்று எழுத வந்தேன். படுத்தால் தூக்கம் வர வேண்டும்.)

6

வியாழன் மதியம் அக்காவுக்கு வந்த லிங்க்கின் வாலில் நீளமாக ஓர் எண் இருந்தது. நான் தலையை மட்டும் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை. அண்ணன் அனுப்பியிருந்தான்: "குருவிக்கு வருசாந்தர காது டெஸ்டு படிவமாம், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துச்சு." குருவியின் பெயரும் பிறந்த தேதியும் ஏற்கனவே நிரப்பப்பட்டிருந்தன. அக்கா லாகின் செய்தாள், மீதியை முடித்தாள், எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது ஒன்று உறைத்தது. கிளையில் இருப்பவர்களுக்கு அவளுடைய நம்பரே தெரியும். எதற்கு அண்ணன் வழியாக வர வேண்டும்?

ஆபீஸுக்கு ஓடினேன்.

"என்னப்பா, பரீட்சை ஹாலுக்குப் பேனா இல்லாம வந்தவன் மாதிரி முழிக்கிற?" என்றான் சுருட்டை.

"ரெண்டு ஸ்கிரீன்ல திறந்து பாரு."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு நீ. இன்னொண்ணு நீ இல்ல."

வலது ஸ்கிரீனில் படிவத்தைத் தொடங்கினான். லிங்க்கை இடது ஸ்கிரீனுக்கு அனுப்பினான். இடதில் தன் பெயரில் லாகின் செய்தான். வலதைப் புதுப்பித்தான். வலதிலும் அவன் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாம் வந்து உட்கார்ந்தன. பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"ஐயோ. இது நான் எழுதினது."

"நான் கேட்டதுக்குத்தான எழுதின."

பிறகு அக்காவின் கணக்கை யார், எப்போது திறந்தார்கள் என்ற பதிவேட்டைத் தேடச் சொன்னேன். வியாழன் காலை பதினொன்று பத்துக்கு ஒரு போனில் படிவம் தொடங்கியிருக்கிறது. கிளையின் கணினி அல்ல. மதியம் அக்கா லாகின் செய்தாள். அவள் செய்து இரண்டு நிமிடத்தில், அதே எண்ணில், அந்த முதல் போனில் மூன்று பக்கங்கள் திறந்திருக்கின்றன. சந்திப்பு நேரம். காது அறிக்கை. முகவரி. முகவரிப் பக்கத்தில் நாலு நிமிடம்.

ஒரு முகவரியைப் படிக்க நாலு நிமிடம் ஆகாது.

மேலாளரிடம் போனோம். நல்ல மனிதர்தான், அவசரம் என்ற சொல் மட்டும் பிடிக்காது.

"யாருப்பா உக்காந்து இதெல்லாம் பண்ணப் போறான்? காதும் பல்லும்தான் இருக்கு நம்ம சைட்டுல. புதையலா இருக்கு?"

"அட்ரஸ் இருக்கு சார்."

"அட்ரஸ்ல என்ன? எல்லாரும் வாசல்லயே போர்டு மாட்டி வெச்சிருக்கான்."

"எல்லாரும் இல்ல சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "திங்கக்கிழம உக்காந்து பேசலாம். இன்னிக்கு ஒரு வரி மாத்தினா நாளைக்கு ஒம்போது கிளையும் போன் போடும்."

சுருட்டை யாருக்கும் சொல்லாமல் அந்த ஓர் எண்ணை மட்டும் கிழித்துப் போட்டான். "இனி அவன் உள்ள வர முடியாது" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வந்து பாத்துட்டுப் போனத ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றான்.

7

இந்த இடத்தில் எனக்கு டிரைவர் மேல் சந்தேகம். ஆளைச் சொல்லவில்லை, பாத்திரத்தைச் சொல்கிறேன்.

அவரை நான் பார்த்ததே இல்லை. எழுத உட்கார்ந்தால் கொடூரமான மீசை வந்துவிடுகிறது. மீசையை எடுத்தால் சிவந்த கண்கள். அதையும் எடுத்தால் ஒரு தகப்பன், லாரியின் முன்சீட்டில், மகளின் பிறந்த தேதியை ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருக்கிறான். மீதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல், அம்மாக்காரி நிரப்பட்டும் என்று அவள் அண்ணனுக்கு அனுப்பிவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைத் தொட்டால், தானாகவே எல்லாம் திறந்து கிடக்கிறது. இதுவும் நடக்கக்கூடியதுதான். இந்தக் கோளாறுக்குத் திருடன் அவசியமே இல்லை.

ஆனால் "ஆஸ்பத்திரியிலேர்ந்து" என்று அண்ணனிடம் சொன்னது யார்? அண்ணனே சும்மா சொன்னானா?

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அக்கா விடிவதற்குள் இரண்டு பையும் குருவியுமாகக் கிளம்பிவிடுகிறாள். தப்பித்துவிடுகிறாள். என் கூரை ஊமையாகிவிடுகிறது.

இரண்டு: நான் சொல்லவில்லை. யாரும் வரவில்லை. திங்கட்கிழமை அந்த வரியைத் திரும்பப் போடுகிறோம். எனக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க முப்பது எண்ணும் வியாதி.

மூன்று: நான் சொல்லவில்லை.

(மூன்றாவதை இதற்கு மேல் எழுதவில்லை.)

முதல் முடிவுதான் சரி என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

8

சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறினேன். பதினாறு படி.

குருவி வாசலில் துணித்துண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "மாமா, கத்திப் பேசு. மெஷினக் கழட்டி வெச்சிருக்கேன். காது அரிக்குது."

அதாவது, மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கேட்காது. அக்காவுக்கு மட்டும் கேட்கும். இதைவிட நல்ல சமயம் எனக்கு யாரும் அமைத்துக் கொடுக்க முடியாது.

"என்ன தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய். கன்னம் ஒட்டிக் கெடக்கு. உக்காரு."

உட்கார்ந்தேன். மடியில் ஒரு கால்சட்டை வந்து விழுந்தது. "சும்மாதான உக்காந்திருக்க, அந்தப் பழைய தையலப் பிரி."

பிரித்தேன். ஒரு கால் முழுக்கப் பிரித்து முடித்தேன்.

"அக்கா, அந்த சைட்டுல பாஸ்வேர்ட மாத்திருங்க."

"ஏன், பழசு ஊசிப் போச்சா?"

"இல்ல, சும்மா. அப்பப்ப மாத்தணும்."

"சரி, நீ சொன்னா மாத்திர வேண்டியதுதான்." ஊசியைப் பல்லில் கடித்தபடி போனை எடுத்தாள். மாற்றினாள். எதற்கும் உதவாத காரியம், எனக்குத் தெரியும். பார்த்தவர் கண்ணிலிருந்து முகவரியைப் பாஸ்வேர்டு வைத்து அழிக்க முடியாது.

பிறகு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏன் தம்பி, அன்னைக்குக் காட்டினேனே, அந்த லிங்க்கு. அது சரியாத்தான இருந்துச்சு?"

தையல் மெஷின் ஓடவில்லை. குருவி சிவப்புத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பதினொன்று வரை எண்ணினேன்.

"அட்ரஸ் சரியாத்தான்க்கா இருந்துச்சு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது.

9

கீழே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் வெளிச்சம் போகவில்லை.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரியில் ஒரு கேள்வி கேட்டேனே, அதோடு உங்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அதை வாங்கிக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நடுவில் எங்கேயோ உங்கள் வீட்டுக் கதவை நினைத்திருப்பீர்கள், உங்களிடம் "சரியா பாரேன்" என்று யாரோ நீட்டிய போனை நினைத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நானும் உங்களோடு உள்ளே வந்துவிட்டேன். என் பக்கத்து நியாயத்தை உங்கள் குரலில் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. "பாவம், தனியாள், பயந்துவிட்டான்" என்று.

வேண்டாம். அந்த எண்ணைக் கிழித்துவிடுங்கள். முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் வரும். கதை உங்களுடையது, நான் வெளியே போகிறேன்.

நாளை காலை எழுந்ததும் மாடிக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். முழுசாக. இதை எழுதியே வைக்கிறேன், அப்போதுதான்—

10

செய்தது: காலை ஏழு பத்துக்கு, அக்காவிடம் சொல்வதற்காக, என் அறைக் கதவைத் திறந்தேன்.

எதிர்பார்த்தது: பதினாறு படி.

நடந்தது: முதல் படியில் ஒருவர் நின்றிருந்தார். மீசை இல்லை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. அதற்குள் காது மெஷினுக்குப் போடும் சின்ன பேட்டரிகள், இரண்டு அட்டை. மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தம்பி, இந்த அட்ரஸ் சரியா பாருங்க" என்றார். பார்த்தேன். முகவரி சரியாகத்தான் இருந்தது.